சாத்தாங்காட்டு வெளிச்சமும் கண்ணாடி இல்லாத கேமராவும்

"ணா, வீடியோ எடுக்க எந்த மிரர்லெஸ் வாங்கலாம்? சோனியா, கேனனா, பேனசானிக்கா?" திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பசங்க மாதத்துக்கு ஒருத்தராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். போனில் ஒரு அட்டவணையைத் தயாராக வைத்திருப்பார்கள். எத்தனை கே, எத்தனை பிட், நொடிக்கு எத்தனை ஃபிரேம், விலை எவ்வளவு, இ.எம்.ஐ. எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த எண்களை எந்த ஊர் வெயிலில், எந்த ஊர் கரண்டில், யாருடைய முகத்தை வைத்து முடிவு செய்தார்கள் என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. எனக்கு அந்தக் கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது.

நான் சாத்தாங்காட்டுக்காரன். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. கொண்டுவந்த இரும்புச் சந்தையால்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரியும். தகடு, காயில், ஆங்கிள், முறுக்குக் கம்பி ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் வந்துபோகும். மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள், கிழக்கே கடல், வடக்கே எண்ணூரின் புகைபோக்கிகள். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி வீடியோ, எப்போதாவது ஒரு ஆவணப்படம் என்று இங்கேயே கேமராவால் பிழைக்கிறேன். இந்தக் கேமராக்களின் வரலாற்றை இந்த ஊரில் நின்று சொல்லிப் பார்க்கலாம்.

கண்ணாடி எதற்கு இருந்தது?

எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில், 45 டிகிரி சாய்வில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி, ப்ரிஸம் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி எழும்பி வழிவிடும், ஷட்டர் திறக்கும், படம் பதியும், கண்ணாடி திரும்பக் கீழே விழும். அந்தக் 'கிளிக்' சத்தத்தில் பாதி கண்ணாடியின் சத்தம்தான். கண்ணாடி எழும்ப இடம் வேண்டும். அதனால் 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. விட்டார்கள். கேனன் 1987இல் கொண்டுவந்த ஈ.எஃப். வளையத்தில் இது 44 மி.மீ.

ஃபோட்டோவுக்கு இந்த ஏற்பாடு பிரமாதம். வீடியோவுக்கு இதில் அர்த்தமே இல்லை. வீடியோ ஓடும்போது கண்ணாடி மேலேயே நிற்க வேண்டும், வியூஃபைண்டர் இருட்டாகிவிடும், பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதாவது கண்ணாடியும் ப்ரிஸமும் வெறும் சுமை.

2008ஆம் வருடத்தின் சில வாரங்களில் வேடிக்கையான ஒரு விஷயம் நடந்தது. ஆகஸ்டில் நிக்கான் டி90 அறிவிக்கப்பட்டது. வீடியோ எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். செப்டம்பரில் கேனன் 5டி மார்க் 2 வந்தது. முழு அளவு சென்சாரில் 1080பி வீடியோ. அதே செப்டம்பரில் பேனசானிக், கண்ணாடியையே கழற்றி எறிந்த ஜி1 கேமராவை அறிவித்தது. வீடியோ எடுத்த இரண்டிலும் கண்ணாடி இருந்தது. கண்ணாடி இல்லாத ஒன்றில் வீடியோ இல்லை! அடுத்த வருடம் பேனசானிக்கின் ஜிஎச்1 வந்தபோதுதான் இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தன.

வீடியோ லைட் பிடித்த பையன்

அதற்கு முந்தைய காலத்தை நினைவிருக்கிறதா? உங்கள் அப்பா அம்மா கல்யாண கேசட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். கேமராமேன் பக்கத்தில் ஒரு பையன் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை கண்ணைச் சுருக்குவது வெட்கத்தால் அல்ல, அந்த லைட்டால்தான். அன்றைய வீடியோ கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 2002இல் வந்து சுயாதீனப் படக்காரர்கள் கொண்டாடிய பேனசானிக் டிவிஎக்ஸ்100 கேமராவில்கூட மூன்றில் ஒரு அங்குலச் சில்லுகள்தான். வெளிச்சத்தைக் கொட்டினால்தான் அதற்குப் பார்வை வரும். முகம் எவ்வளவு தெளிவோ, பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் அவ்வளவு தெளிவாக விழும்.

பெரிய சென்சார் இந்த இரண்டையும் மாற்றியது. பின்னணி மங்கியது, லைட் பையன் வேலை போனது. சினிமா கேமராவின் வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஃபோட்டோ கேமராவைத் தூக்கினார்கள். 2011இல் ராம் கோபால் வர்மா தெலுங்கில் 'தொங்கல முட்டா' படத்தை கேனன் 5டி வைத்து ஐந்து நாளில் எடுத்து முடித்தார். தமிழில், 2012 மே மாதம் வந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் கேனன் 7டியில் எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நடைபாதைக் கடையில் வேலை பார்க்கும் பையனையும் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் பற்றிய கதை அது. தெருவில் கூட்டம் சேராமல் எடுக்க, பார்த்தால் ஃபோட்டோ கேமரா மாதிரி இருக்கும் ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்பது தெருவில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

இப்போது அட்டவணைக்கு வருவோம். 5டி மார்க் 2 முதலில் வந்தபோது நொடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே எடுக்கும். அப்பெர்ச்சர், ஷட்டரை நாமே வைத்துக்கொள்ளும் வசதி 2009 ஜூனில்தான் வந்தது. 24, 25 ஃபிரேம் கிடைக்க 2010 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 30 இருந்தால் என்ன, 25 இருந்தால் என்ன என்று தோன்றலாம்.

நம் வீட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப்லைட்டும் சோடியம் விளக்கும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 25 ஃபிரேமில் ஷட்டரை 1/50இல் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு ஏற்ற இறக்கம் விழும், வெளிச்சம் நிலையாக நிற்கும். 30 ஃபிரேமில் 1/60 வைத்தால் கணக்கு இடிக்கும். திரையில் பட்டை பட்டையாக நெளியும். 30 என்பது 60 ஹெர்ட்ஸ் கரண்டு ஓடும் அமெரிக்காவின் எண். ஜப்பானில் செய்து அமெரிக்கச் சந்தைக்கு விற்ற அந்த எண் சாத்தாங்காட்டுக் குடோனுக்குள் வந்ததும் டியூப்லைட் நடுங்க ஆரம்பித்துவிடும். இன்றைக்கும் பல போன்கள் பெட்டியைத் திறக்கும்போது 30இல்தான் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோவில் பட்டை ஓடினால் முதலில் இதைப் பாருங்கள்.

வெயிலுக்கும் இதே கதை. 2020இல் கேனன் ஆர்5 வந்தது. 8கே வீடியோ எடுக்கும், ஆனால் சுமார் 20 நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும் என்று கேனனே சொன்னது. அந்த 20 நிமிடத்தை அளந்த சூடு 23 டிகிரி செல்சியஸ். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் அந்த 23 கிடைக்கும். மே மாதம் இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ட்ரைபாட் போட்டு நின்றால், கேமராவுக்கு முன்னால் நாம் சூடாகி நின்றுவிடுவோம். சோனி எஃப்எக்ஸ்3 (2021), பேனசானிக் எஸ்5 மார்க் 2 (2023) இரண்டிலும் உள்ளே சின்ன விசிறி இருக்கிறது. அட்டவணையில் கடைசி வரியில் கிடக்கும் அந்த விசிறி, இந்த ஊரில் முதல் வரிக்கு வர வேண்டியது.

மூன்றாவது எண், ரயிலில் தெரியும். சென்சார் ஒரு ஃபிரேமை ஒரே மூச்சில் படிப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். சோனி ஏ7 4 முழு சென்சாரில் 4கே எடுக்கும்போது அதற்கு ஏறத்தாழ 27 மில்லிசெகண்ட் ஆகிறது. ஏ7எஸ் 3க்கு 9க்கும் குறைவு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 27 மில்லிசெகண்டில் அது 45 செ.மீ. நகர்ந்திருக்கும். ரயில் பெட்டியின் நிமிர்ந்த கதவு உங்கள் படத்தில் சாய்ந்து நிற்கும். ஏ7எஸ் 3இல் சாய்வு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். காலை முதல் இரவு வரை ரயிலும் லாரியும் குறுக்கே ஓடும் ஊரில் எத்தனை கே என்பதைவிட இது பெரிய விஷயம்.

28.5 மி.மீ. காற்று

கண்ணாடி போனதால் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் எடை குறைந்தது இல்லை. இடைவெளி குறைந்ததுதான். சோனியின் ஈ வளையத்தில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே 18 மி.மீ.தான். நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்.எஃப்.பில் 20. பழைய நிக்கார் லென்ஸுக்கு 46.5 வேண்டும். கழித்துப் பாருங்கள், சோனிக்கு 28.5 மி.மீ. மிச்சம். அந்த நீளத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு உலோகக் குழாயைப் போட்டால் போதும், என் வயதைவிட மூத்த லென்ஸ் இன்றைய கேமராவில் வேலை செய்யும். இதுதான் அடாப்டர். எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். குழாய் ஒரு மயிரிழை நீளமாகிவிட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகவே ஆகாது. கொஞ்சம் குட்டையாக இருந்தால் சமாளிக்கலாம், லென்ஸ் மேல் எழுதிய மீட்டர் கணக்கு மட்டும் பொய் சொல்லும். மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் குட்டையாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

பழைய லென்ஸில் இன்னொரு சுகம் உண்டு. ஃபோகஸ் வளையத்துக்கு ஒரு ஆரம்பமும் ஒரு முடிவும் இருக்கும். சுற்றினால் உள்ளே மரை உண்மையிலேயே சுற்றும். இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்களில் வளையம் பெரும்பாலும் ஒரு மின்சார சமிக்ஞை மட்டுமே; வேகமாகச் சுற்றினால் ஒரு தூரம், மெதுவாகச் சுற்றினால் வேறொரு தூரம். ஒரு ஆள் நடந்து வரும்போது கையால் ஃபோகஸ் இழுத்துப் பழகுகிறவர்களுக்குப் பழைய லென்ஸ்தான் நல்ல வாத்தியார்.

ஆனால் கல்யாண வீட்டில் வாத்தியாருக்கு நேரமில்லை. தாலி இரண்டாவது தடவை கட்ட மாட்டார்கள். அங்கே ஆட்டோஃபோகஸ் வேண்டும். கேனன் 2013இல் 70டியில் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறைதான் வீடியோவில் ஆட்டோஃபோகஸை நம்பலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. பேனசானிக் மற்ற எல்லாவற்றிலும் முன்னால் ஓடினாலும் (2014இலேயே ஜிஎச்4இல் 4கே, 2017இல் ஜிஎச்5இல் 10 பிட்) ஃபோகஸில் மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தது. 2023இல் எஸ்5 மார்க் 2 வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. ஆகவே ஒரே ஆள் கல்யாணம் எடுப்பதும், இரண்டு பேர் சேர்ந்து குறும்படம் எடுப்பதும் வேறு வேறு தேவை. ஒரே அட்டவணை இரண்டுக்கும் பதில் சொல்லாது.

லென்ஸுக்கு எங்கள் ஊரில் எதிரி உப்புக்காற்று. பையில் போட்டு மறந்துவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை. இது லென்ஸ் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

யாருடைய முகம்?

இதுவரை சொன்னது கரண்டு, வெயில், ரயில். இனிமேல் சொல்வது முகம்.

ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பும். 'ஷிர்லி அட்டை' என்று பெயர். ஷிர்லி வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் அந்த ஃபிலிமில் சேறு பூசியதுபோல் விழுவதைப் பற்றி நீண்ட காலம் நிறுவனம் அலட்டிக்கொள்ளவில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மர ஃபர்னிச்சர் விளம்பரக்காரர்களும் பழுப்பில் இத்தனை வகை இருக்க, எல்லாம் ஒரே மாதிரி விழுகிறதே என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமின் ரசாயனம் மாற ஆரம்பித்தது என்கிறார் இதை ஆராய்ந்த கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத். மனிதத் தோலுக்காகக் கிடைக்காத நியாயம் சாக்லேட்டுக்காகக் கிடைத்தது.

டிஜிட்டலில் ஷிர்லி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கேமராவில் 'ஸீப்ரா' என்றொரு வசதி உண்டு. குறிப்பிட்ட அளவு வெளிச்சம் விழுந்த இடத்தில் வரிக்குதிரைக் கோடு காட்டும். முகத்துக்கு அதை 70இல் வை என்று பழைய பாடங்கள் எல்லாம் சொல்லும். அந்த 70 வெள்ளைத் தோலின் அளவு. வெயிலில் லோடு ஏற்றிக் கறுத்த ஒரு அண்ணனின் முகத்தை 70க்கு ஏற்றினால் அவர் நிறம் வெளுத்து, முதுகுக்குப் பின்னால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நான் 50க்குப் பக்கத்தில் வைத்து, ஆளுக்கு ஆள் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். அவர் நிறத்திலேயே அவர் தெரிய வேண்டும்.

இரவில் இது இன்னும் சிக்கல். மஞ்சள் சோடியம் விளக்கில் நீல நிறம் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் இல்லாத நிறத்தை எந்தக் கேமராவும் கொண்டுவராது. கறுத்த தோல், மஞ்சள் விளக்கு, பின்னால் இருட்டு. வடசென்னை இரவு என்றால் சினிமாவில் நாம் நெடுங்காலம் பார்த்தது இதைத்தான்: முகம் தெரியாத நிழல்கள், கையில் மட்டும் பளபளக்கும் ஒரு கத்தி. கதை எழுதியவர்களின் பார்வை ஒரு காரணம். அந்த வெளிச்சத்தில் முகத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாத கருவியும் அதற்குத் துணைபோனது.

2014இல் சோனி ஏ7எஸ் வந்தது. வெறும் 12 மெகாபிக்சல். எண்ணை மட்டும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிக்சல் குறைவு என்பதால் ஒவ்வொன்றும் பெரியது, வாங்கும் வெளிச்சம் அதிகம். அதே வருடம் பேனசானிக் தன் பெரிய சினிமா கேமராவில் இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. இரவு எண்ணுக்கு மாறினால் புள்ளி புள்ளியான இரைச்சல் குறையும். 2018இல் அது ஜிஎச்5எஸ் என்ற சின்ன கேமராவுக்கு இறங்கியது. எஃப்எக்ஸ்3இல் அந்த இரண்டு எண்கள் 800, 12800. 2023இல் வந்த 'தி கிரியேட்டர்' என்ற பெரிய ஹாலிவுட் படத்தை இந்த எஃப்எக்ஸ்3 வைத்துத்தான் எடுத்தார்கள். எங்களுக்கு அதன் பலன் வேறு. இப்போது இரவு ஷிஃப்ட் முடிந்து எடைமேடைப் பக்கத்து டீக்கடையில் நிற்கும் ஒருவரின் முகம், கடையின் ஒற்றை பல்பில், கண் தெரிய, களைப்பு தெரிய விழுகிறது.

கறுப்புக்குள் இருக்கும் வித்தியாசம்

2017 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பில்லை என்ற தொனியில்தான் முதலில் செய்தி வந்தது. கரையில் பக்கெட்டால் எண்ணெய்க் கசடை அள்ளும் மனிதர்களின் படங்கள் பரவிய பிறகு அந்தத் தொனி மாறியது. அதே மாதத்தில்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியும் வெளிவந்திருந்தது. பிறகு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் இறங்கியது. படகு, வலை, கை, சுவர் எல்லாம் கறுப்பு. அன்றைக்கு நிறையப் படங்கள் மீனவர்கள் தங்கள் போனிலேயே எடுத்தவை.

அந்த வீடியோக்களை இப்போது திரும்பப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கறுத்த தண்ணீர், அதில் கறுத்த எண்ணெய், அதைத் துடைக்கும் கறுத்த கை. மூன்று கறுப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் சாட்சி. 8 பிட்டில் அழுத்தி, வாட்ஸப்பில் இன்னொரு தடவை அழுத்தினால் அந்த மூன்றும் ஒன்றாகிவிடும். 'வெறும் சாக்கடைத் தண்ணிதானே' என்று ஒருவர் சொல்ல இடம் கிடைக்கும். 10 பிட், இருட்டுப் பகுதியில் விவரம் தக்கவைக்கும் சென்சார், அழுத்தாமல் பத்திரப்படுத்திய மூலக் கோப்பு ஆகியவை இங்கே ஆடம்பரம் இல்லை. இன்னொன்று: தண்ணீரின் பளபளப்பை நீக்க நாம் மாட்டும் போலரைசர் ஃபில்டர், எண்ணெய்ப் படலத்தின் வானவில் மினுக்கையும் சேர்த்தே துடைத்துவிடும். அழகுக்கு மாட்டுவதை ஆதாரம் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். ஒரு வேளை மிரர்லெஸ் கையில் இல்லையென்றால் போனே போதும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருந்த கேமராவுக்கு நிகர் கிடையாது.

என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். உடம்பு சில வருடத்தில் பழசாகும். நல்ல ஐம்பது எம்எம் லென்ஸ் உங்களோடு நெடுநாள் வரும். கேமராவை வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். மத்தியானம் இரும்புச் சந்தைக்கு வாருங்கள். ஷெட்டுக்குள் கேஸ் கட்டிங் நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டு நில்லுங்கள். தீப்பொறி, இருட்டு, வாசலில் கொதிக்கும் வெயில், நடுவில் ஒரு மனிதர். பொறி வெளுக்காமல், அவர் முகம் அவர் நிறத்தில் விழுகிறதா பாருங்கள். சாயங்காலம் ரயில்வே கேட், இரவு டீக்கடை. 25 ஃபிரேம், 1/50. வீட்டுக்குப் போய், எடுத்ததை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். எத்தனை கே என்று அவர் கேட்க மாட்டார். படத்தில் இருப்பவரைப் பார்த்து, "இவரு நம்ம தெரு முனை ஆளுதானே?" என்று கேட்டால், அந்தக் கேமராவை வாங்கலாம்.